தொப்பூர் இறக்கத்தில் நின்ற புள்ளி

என் லேப்டாப்புக்கு மெமரி ஏற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க எனக்கு ஒரு மாம்பழ சீசன் முழுக்கப் பிடித்தது. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். பின்பக்க மூடியைக் கழற்றி, விரல் நீளத்துக்கு ஒரு பச்சைத் தகட்டைச் சொருகி, மறுபடி மூட வேண்டும். கடைக்காரர் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் செய்துவிடுகிற வேலை. அதற்கு எதற்கு இத்தனை யோசனை என்று என் கணவர் கேட்டார், மாமியார் கேட்டார், எனக்குச் சம்பளம் கொடுக்கிற லாரி ஓனரும் கேட்டார். ஆளுக்கொரு சாக்குச் சொல்லி வைத்தேன். உண்மையான காரணத்தைச் சொன்னால் இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள்.

எனக்குப் பயமாக இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

என் வேலை என்னவென்று சொன்னால்தான் அந்தப் பயம் புரியும். தருமபுரி மாவட்டத்து இண்டூரில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தபடி லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. ஓனருக்குத் தருமபுரியில் ஆபீஸ். அவருடைய லாரிகள் எல்லாவற்றிலும் ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. என் திரையில் ஒரு வரைபடம் ஓடும். ஒவ்வொரு லாரியும் அதில் ஒரு புள்ளி. ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு, சிக்னல் கிடைக்காவிட்டால் சாம்பல். எந்த வண்டி எங்கே போகிறது, எது எதற்காக நிற்கிறது என்று பார்த்து, சரக்கு அனுப்பியவர்கள் போனில் கத்தும்போது பதில் சொல்ல வேண்டும். சரக்கோடு போக வேண்டிய இ-வே பில் சீட்டு காலாவதி ஆவதற்குள் நீட்டிக் கொடுக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு சும்மா இருக்காதே என்று ஊரே சொன்ன புத்திமதியை நான் இப்படித்தான் நிறைவேற்றினேன்.

அந்தப் புள்ளிகளில் ஒன்று என் கணவர்.

எங்கள் தோட்டத்துப் போர்க்கிணற்றில் தண்ணீர் வற்றியபின் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஓசூர் பக்கம் லோடு ஏற்றிக்கொண்டு சேலம், நாமக்கல், மதுரை என்று இறங்குவார். நான் அவர் முகத்தைப் பார்ப்பதை விட அவர் புள்ளியைப் பார்ப்பதுதான் அதிகம். கல்யாண ஆல்பத்தைக்கூட அத்தனை தடவை பார்த்திருக்க மாட்டேன்.

தெற்கே இறங்குகிற எந்த வண்டியும் தொப்பூர் கணவாயைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பெங்களூர் சாலை தருமபுரி வரை சமர்த்தாக வருகிறது. டோல்கேட் கடந்ததும் மலையிலிருந்து சரிய ஆரம்பித்துவிடும். வளைவும் சரிவுமாக இறங்கி, ஆஞ்சநேயர் கோயிலைத் தாண்டி, இரட்டைப் பாலத்தில் வந்து விழும். மெதுவாகப் போ, கியரில் போ என்று மொழிக்கு ஒன்றாகப் போர்டு வைத்திருக்கிறார்கள். மைக் வைத்துக்கூடச் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்தில் காலையில் யாராவது போனைப் பார்த்துக்கொண்டே 'தொப்பூர்ல...' என்று ஆரம்பித்தால், வாக்கியம் முடிவதற்குள் லாரிக்காரர் வீட்டுப் பெண்கள் எல்லோரும் தங்கள் போனைத் தேடி எடுப்பார்கள். என்ன வண்டி, என்ன நம்பர் என்று தெரிகிற வரை வாயில் எச்சில் ஊறாது.

அவர் புள்ளி டோல்கேட்டை நெருங்கினால் நான் வேறு வேலை பார்க்க மாட்டேன். அடுப்பில் பால் இருந்தால் அணைத்துவிட்டு வருவேன். மாமியார் தக்காளிக் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் பச்சையும் சிவப்பும் நன்றாகத் தெரியும்.

"ஓடுதா கண்ணு?"

"ஓடுதுங்க அத்தை."

புள்ளி டோல்கேட்டைத் தாண்டும். ஒரு வளைவு இறங்கும். அப்புறம் நிற்கும்.

ஒவ்வொரு தடவையும் சரியாக அங்கேதான் நிற்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் லேப்டாப்புக்கு இருந்தது நான்கு ஜிபி மெமரி. ஏதோ பெங்களூர் கம்பெனியில் கழித்துப் போட்ட லேப்டாப், பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடை வழியாக என்னிடம் வந்து சேர்ந்தது. வரைபடமும் வாட்ஸ்அப்பும் இ-வே பில் பக்கமும் ஒன்றாகத் திறந்திருந்தால் அதற்கு மூச்சு வாங்கும். அவர் இறங்குகிற நேரம் பார்த்து நான் வரைபடத்தைப் பெரிதாக்குவேன், இன்னும் பெரிதாக்குவேன், வளைவு வளைவாகப் பார்க்க வேண்டும் என்று மேலும் பெரிதாக்குவேன். அது பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அப்படியே உறைந்துவிடும். உள்ளே ஃபேன் மட்டும் இரையும். அம்புக்குறிக்குப் பதில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். இரட்டைப் பாலத்துக்குச் சற்று முன்னால் பச்சைப் புள்ளி அசையாமல் கிடக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு உயிரே போய் வரும். திரும்பத் திரும்ப எல்லாப் பட்டனையும் அமுக்குவேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரை ஒரு குலுங்கு குலுங்கி உயிர் பெறும்; அவர் புள்ளி பாலத்துக்கு அந்தப் பக்கம், தொப்பூர் தாண்டி, எதுவுமே நடக்காதது மாதிரி போய்க்கொண்டிருக்கும். இப்படிப் பல முறை ஆனபின், 'லேப்டாப் ஹேங்' என்ற வார்த்தையே எனக்கு மருந்தாகிவிட்டது. புள்ளி நின்றதும் மாமியார் என் தோளைப் பிடித்து அழுத்துவார். நான் "வண்டி நிக்கலீங்க அத்தை, லேப்டாப்தான் ஹேங்" என்பேன். அவர் பிடி தளரும். சொல்கிற எனக்கும் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கும்.

எனக்கு அந்த மருந்து தேவைப்பட்டது. மெமரி ஏற்றாமல் இழுத்தடித்ததற்கு அதுதான் காரணம்.

ஓனர் டிராக்கிங் மென்பொருளைப் புதிதாக மாற்றியபோது என் நிம்மதிக்கு முதல் இடைஞ்சல் வந்தது. புதியது கனமானது. அதைத் திறந்தாலே என் லேப்டாப் மூர்ச்சையாகிவிடும். சரக்குக்காரர்கள் வண்டி எங்கே என்று என்னைக் கேட்க, நான் டிரைவர்களைக் கேட்க, டிரைவர்கள் "அதுக்குத்தானே மேடம் மிஷின் வெச்சிருக்கறீங்க" என்று என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள். ஓனர் மரியாதையான மனிதர். கோபம் வந்தால் இன்னும் மரியாதையாகப் பேசுவார்.

"அம்மா, ரேம் ஏத்திக்கிடுங்க. பில்லு எங்கிட்டக் குடுத்துருங்க. அதையும் செய்யலைன்னா நான் என்னாங்கம்மா பண்றது, சொல்லுங்க."

லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டு, மேலே துண்டு சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு தருமபுரிக்குப் போனேன். கடைக்காரர் திறந்து பார்த்தார். எந்தெந்த வேலை எவ்வளவு மெமரி தின்கிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்து, சிவந்து கிடந்த எண்ணை விரலால் தட்டினார்.

"நாலு ஜிபி வெச்சிக்கிட்டா இத்தனை வண்டிய ஓட்டறீங்க? ஸ்கூட்டில நெல்லு மூட்டை ஏத்தற மாதிரி இருக்குது மேடம். உள்ள ஒரு ஸ்லாட்டு காலியாத்தான் கெடக்குது. எட்டு ஜிபி போட்டுட்டா பன்னெண்டு ஆயிரும். பறக்கும்."

"உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிருமாங்க?"

"அது ஹார்ட் டிஸ்க்கு. அதத் தொடவே மாட்டன். இது சும்மா, வேலை செய்யறதுக்கு எடம் பெருசாகற மாதிரி."

"பழைய மிஷினு, தாங்குமாங்க?"

"தாங்கும்."

கேட்க வேண்டியதைக் கடைசியில் கேட்டேன். "போட்டுட்டா அப்புறம் ஹேங் ஆகாதுங்களா?"

அவர் சிரித்தார். எல்லோரும் அதற்காகத்தானே வருகிறார்கள். "ஆகவே ஆகாது மேடம். நான் கேரண்டி."

அவர் நல்ல செய்தி சொன்னதாக நினைத்துக்கொண்டார். எனக்கு உள்ளங்கால் சில்லிட்டது. இனிமேல் திரை நிற்கவே நிற்காது என்றால், புள்ளி நிற்கிற அன்று வண்டிதான் நின்றிருக்கும். பாலத்துக்கு முன்னால் ஒரு பச்சைப் புள்ளி சிவப்பானால் அதற்கு வேறு பெயர் சொல்ல என்னிடம் எதுவும் இருக்காது. யோசித்துச் சொல்கிறேன் என்று லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பேரம் படியாமல் எழுந்து போகிறேன் என்று நினைத்து அவர் பின்னாலிருந்து விலையைக் குறைத்துக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து சிக்கன வைத்தியம் எல்லாம் செய்து பார்த்தேன். வாட்ஸ்அப்பைப் போனில் மட்டும் வைத்துக்கொண்டேன். தேவையில்லாத மென்பொருள்களை நீக்கினேன். அடியில் இரண்டு செங்கல் முட்டுக்கொடுத்துக் காற்றோட்டம் விட்டேன். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்த மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"முனியப்பன் கோயில்ல பூப் போட்டுப் பாத்துரலாம் கண்ணு. ரெண்டாவது போர் போடறப்பவும் பாத்தமில்ல."

எங்கள் பக்கத்தில் முடிவெடுக்க முடியாத எதற்கும் இதுதான் வழி. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். போருக்கு வெள்ளைதான் வந்தது, தண்ணீர்தான் வரவில்லை. அதை நான் மாமியாரிடம் சொல்லவில்லை. லேப்டாப்புக்குப் பூக் கேட்டால் பூசாரி சிரிப்பார் என்று தட்டிக் கழித்தேன். உண்மையில் எனக்கு வெள்ளை வந்தாலும் பயம், சிவப்பு வந்தாலும் பயம். மெமரி ஏற்றாவிட்டால் வேலை போகும். வேலை போனால் அவர் எங்கே போகிறார் என்பதே தெரியாது. ஏற்றினால் எல்லாம் தெரிந்துவிடும்.

என் கணவர் இந்தக் கூத்தை ரசித்தார். அவருக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்பு. "நீ பயப்படறதுக்குன்னே பொறந்திருக்கற புள்ள. உனக்கு சாமி ரெண்டு கண்ணு குடுத்தது பத்தல, ஜிபிஎஸ்ஸும் சேத்துக் குடுத்துட்டான்" என்பார். லோடு இல்லாத நாட்களில் என் பக்கத்தில் உட்கார்ந்து மற்ற டிரைவர்களின் புள்ளிகளைப் பார்த்துக் கேலி செய்வார். இவன் மாமியார் வீட்டுக்குத் திரும்புகிறான், அவன் பிரியாணிக்கு நிறுத்திவிட்டான் என்று புள்ளிகளுக்கு ஜோசியம் சொல்வார். ஓனரிடம் அவருக்கு நல்ல பெயர். அதே வண்டி மற்றவர்கள் கையில் குடிக்கிற டீசல் இவர் கையில் குடிக்காது என்று ஓனர் ஆபீஸில் எல்லோர் முன்னாலும் சொல்வாராம். அதை வீட்டில் வந்து சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், அப்படி ஒரு பூரிப்பு.

அப்புறம் ஒரு மத்தியானம் நடந்ததுதான் என்னைக் கடைக்குத் துரத்தியது.

லேசாகத் தூறல் போட்டிருந்தது. அவர் ஏதோ இரும்புச் சாமான் ஏற்றி வந்துகொண்டிருந்தார். புள்ளி டோல்கேட் தாண்டியது, ஆஞ்சநேயர் கோயில் வளைவில் நின்றது. ஹேங் என்று மாமியாரிடம் சொன்னேன். வட்டம் சுற்றியது. வழக்கமான நேரம் போயிற்று, அதற்கு மேலும் போயிற்று. ஃபேன்கூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது. மழை, இரும்பு, இறக்கம் என்று மூன்றும் தலைக்குள் சேர்ந்துகொண்டன. மாமியார் "போன் போடு, போன் போடு" என்றார். நான் போட்டேன். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. நான் அழ ஆரம்பித்துவிட்டேன், அழுதுகொண்டே போட்டேன். எடுத்தார்.

"என்னா? என்னா ஆச்சு? அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே?"

அவர் குரலுக்குப் பின்னால் பிரேக் சீறுகிற சத்தம். யாரோ ஹாரன் அடித்துக்கொண்டே கடக்கிறார்கள். அவர் பாலத்துக்குக் கிட்டே, சரிவில், ஒரு கையில் போனோடு இருக்கிறார் என்று அந்தச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இணைப்பைத் துண்டித்துவிட்டு போனைக் கட்டிலில் வீசினேன்.

கீழே இறங்கி வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவரே கூப்பிட்டார். அன்றைக்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை. "எறக்கத்துல போன் அடிக்கறியே, வூட்ல யாருக்கோ என்னமோன்னு எடுத்தன் பாரு. முன்னால ஒரு டேங்கர். கொஞ்சம் தவறியிருந்தா அந்தாளு மேலயே ஏத்தியிருப்பன். அந்த மெமரியோ கிமிரியோ, அதப் போட்டுத் தொலை புள்ள. திரை ஓடுனா நீ போன் அடிக்க மாட்ட இல்ல?"

அவர் சொன்னதில் மறுக்க எதுவுமில்லை. என் பயமே அவரைக் கொன்றிருக்கும். மறுநாளே தருமபுரிக்குப் போனேன். கடைக்காரர் மூடியைக் கழற்றி, தூசியை ஊதி, பழைய தகட்டின் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு, பக்கத்தில் புதியதைச் சொருகினார். டக் என்று ஒரு சின்னச் சத்தம். பன்னிரண்டு என்று காட்டியது. அவர் கேரண்டி கொடுத்ததில் பொய் இல்லை. வரைபடம் விரலுக்கு முன்னால் ஓடியது.

அடுத்த லோடுக்கு நானும் மாமியாரும் தயாராக உட்கார்ந்தோம். அவர் புள்ளி டோல்கேட் தாண்டியது. நான் பெரிதாக்கினேன், இன்னும் பெரிதாக்கினேன். திரை அசரவில்லை. புள்ளி வழுக்கிக்கொண்டு முதல் வளைவில் இறங்கியது. மாமியாருக்கு ஒரே சந்தோஷம், "ஓடுது கண்ணு, எவ்வளவு அழகா ஓடுது பாரேன்" என்றார். நானும் சிரித்தேன். அப்போதுதான் புள்ளிக்குப் பக்கத்திலிருந்த எண்ணைக் கவனித்தேன்.

அது வண்டியின் வேகம். எப்போதும் இருந்ததுதான். ஆனால் பழைய திரை இறக்கத்துக்கு இந்தப் பக்கம் உறைந்து அந்தப் பக்கம் விழித்துக்கொள்ளும். நடுவில் என்ன வேகம் என்று எனக்குக் காட்டியதே இல்லை. இப்போது காட்டியது. முப்பது. முப்பத்தாறு. நாற்பத்து மூன்று. வளைவில் கொஞ்சம் குறைந்து, மறுபடி நாற்பத்தெட்டு, ஐம்பத்தைந்து.

லாரிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு அதன் அர்த்தத்தை யாரும் சொல்லித் தர வேண்டாம். கியரில் இறங்குகிற வண்டியை எஞ்சினே பிடித்துக்கொள்ளும்; வேகம் ஏறாது. இப்படி ஏறினால் நியூட்ரலில் விட்டிருக்கிறார் என்று அர்த்தம். கியரை எடுத்துவிட்டு, வண்டியை அதன் கனத்திலேயே உருளவிட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது. டீசல் மிச்சமாகும் என்று எங்கள் பக்கத்து டிரைவர்கள் பாதிப் பேர் செய்கிற காரியம். மிதித்து மிதித்துப் பிரேக் சூடேறினால் அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. தொப்பூரில் கவிழ்ந்து கிடக்கிற வண்டிகளைப் பற்றிப் பேச்சு வந்தால், "நியூட்ரல்ல வந்திருப்பான்" என்று முதலில் சொல்கிறவரே என் கணவர்தான்.

ஓனர் மெச்சிய மைலேஜ் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அந்த நாற்காலியில் விளங்கியது.

அறுபதைத் தொட்டது. என் கை தானாகப் போனை எடுத்தது. பெயரை அமுக்கப் போன விரல் அப்படியே நின்றது. முன்னால் டேங்கர் இருக்கிறதோ என்னவோ. நான் கூப்பிட்டால் அவர் ஒரு கையை எடுப்பார். போனை மாமியார் மடியில் போட்டேன். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. மெமரி ஏற்றிய அந்த நல்ல திரை, அவர் எவ்வளவு வேகமாகச் சாவை நோக்கிப் போகிறார் என்று ஒரு விநாடிகூடத் தவற விடாமல் காட்டிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்க மட்டும்தான் முடிந்தது. பின்னால் மாமியார் பச்சையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். புள்ளி பாலத்தைத் தாண்டிச் சமதளத்துக்கு வந்தபோது என் புடவை முதுகோடு ஒட்டியிருந்தது.

அவர் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். சாப்பிட்டுக் கை கழுவும் வரை பொறுத்திருந்துதான் கேட்டேன்.

"நியூட்ரல்ல எறக்கறீங்களா?"

ஈரக் கையோடு என்னைப் பார்த்தார். "யாரு சொன்னது?"

"நான்தான் பாத்தன். அறுவது போவுது."

"அட, அது நேரா இருக்கற எடத்துல ஒரு ஓட்டம் வுடறது. வளைவுல புடிச்சுருவன் இல்ல? எத்தனை வருசமா எறக்கறன்."

"சூடாயி பிடிக்கலைன்னா?"

"எனக்குத் தெரியாதா புள்ள எப்ப சூடாவும்னு?"

வாக்குவாதம் வேண்டாம் என்று, இனிமேல் கியரில்தான் இறங்குவேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அவர் தலையில் இல்லை, என் தலையில். அடுத்த தடவை எண் இருபத்தெட்டைத் தாண்டவில்லை. எனக்குச் சோறு இறங்கியது. அதற்கடுத்த தடவையும் அப்படியே. பிறகு ஒரு நாள் ஆஞ்சநேயர் கோயில் வரை இருபத்தைந்தில் போன எண், அங்கிருந்து விறுவிறுவென்று ஏறியது. அன்று நான் திரையைப் பார்க்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். மாமியார்தான் "தாண்டிட்டான் கண்ணு" என்று சொன்னார்.

அன்று சாயங்காலம் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டேன். இன்னொரு தரம் எண் ஏறினால் ஓனரிடம் சொல்வேன். நல்ல பெயர் போனால் போகட்டும், வண்டியைப் பிடுங்கிக்கொண்டாலும் சரி, தக்காளி விற்றுப் பிழைத்துக்கொள்ளலாம். என் குரல் நடுங்கியது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "சரி வுடு, நீ அழுவாத. நான் ஒரு வழி பண்றன்" என்று மெதுவாகச் சொன்னார்.

அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தபோது கையில் பால்கோவா வாங்கி வந்திருந்தார். மாமியாருக்குக் கொஞ்சம், எனக்குக் கொஞ்சம் பிட்டுக் கொடுத்தார். முகத்தில் பெரிய காரியம் முடித்த தெளிவு.

"வண்டி மாத்திட்டன் புள்ள. கிருஷ்ணகிரிக்காரரு ஒருத்தரு, நாலஞ்சு வண்டி வெச்சிருக்காரு. அவருகிட்டச் சேந்துட்டன்."

நான் புரியாமல் பார்த்தேன்.

"அவரு வண்டில ஜிபிஎஸ்ஸே கெடையாது. டிரைவர நம்பறவரு. இனிமே நீ இந்த எண்ணப் பாத்துப் பாத்து சாவ வேண்டாம். சோறு தண்ணி எறங்காம எளைச்சிப் போயிட்ட. எனக்கே பாவமாப் போச்சு."

அவர் கேலி பேசவில்லை. என் மேல் கோபமும் இல்லை. எனக்காகத்தான் செய்திருந்தார். நல்ல ஓனரை, மெச்சுகிற ஓனரை விட்டுவிட்டு, என் பயத்தைத் தீர்த்து வைக்க அவருக்குத் தெரிந்த வழியைச் செய்துவிட்டு, பால்கோவாவோடு வந்து நின்றார். அதே சாலை, அதே இறக்கம், அதே நியூட்ரல். எனக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். நான் கையிலிருந்த இனிப்பை என்ன செய்தேன் என்று நினைவில்லை.

லேப்டாப் இப்போதும் நன்றாக ஓடுகிறது. மற்ற டிரைவர்கள் எல்லோரும் டோல்கேட் தாண்டி, வளைவு இறங்கி, பாலம் கடந்து போவதை ஒரு தடங்கலும் இல்லாமல் பார்க்கிறேன். யாருடைய எண்ணாவது ஏறினால் ஓனருக்கு உடனே சொல்லிவிடுகிறேன். அதனால் அவர்களுக்கெல்லாம் என் மேல் ஆத்திரம். இருக்கட்டும்.

நேற்று மதியம் நான் வேலையில் இருந்தபோது மாமியார் வந்து பழைய வழக்கப்படி நாற்காலிக்குப் பின்னால் நின்றார். திரையில் அந்த இறக்கம் காலியாக இருந்தது. அவருக்கும் தெரியும், மகன் வண்டி இதில் வராது என்று. முந்தின நாளிலிருந்து என் கணவரிடமிருந்து போன் இல்லை. மதுரை லோடு என்று கிளம்பியவர்.

"ஒரு போன் போட்டுப் பாரேன் கண்ணு, எங்க இருக்கறான்னு."

போன் மேஜை மேலேயே இருந்தது. நான் எடுக்கவில்லை.

"எங்க இருக்கறாருன்னு தெரியாம எப்பிடிங்க அத்தை போன் போடறது?"